டெஸ்க்டாப் பிராசசரும் அதோடு ஒத்துப்போகும் பாகங்களும்: ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் வரும் கேள்விகள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பது என் பல வருடப் பழக்கம். கடை இல்லை, கமிஷன் இல்லை, கூலி ஒரு டம்ளர் காபி. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை வறண்டதால், கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும் முன் படிக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த பிராசசர் நல்ல பிராசசர்?

பதில் சொல்வதற்கு முன் நான் மூன்று விஷயம் கேட்பேன். என்ன வேலைக்கு? தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போடப் போகிறீர்களா? பழைய கம்ப்யூட்டரிலிருந்து எதையாவது எடுத்துப் பயன்படுத்தும் எண்ணம் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால், கடையில் இருக்கும் முப்பது மாடல்களில் மூன்றோ நான்கோதான் மிஞ்சும்.

டேலி, எக்செல், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, யூடியூப் என்றால் இன்டெல் கோர் ஐ3-12100 போதும். நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் மூளைகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் கிராஃபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. மயிலாப்பூரில் ஆடிட்டராக இருக்கும் என் சித்தப்பா இதற்கு மேல் எதையும் கேட்டதில்லை. அவருக்கு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்ததுதான் பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது.

புரோகிராமிங், நிறைய பிரவுசர் டேப், கொஞ்சம் ஃபோட்டோஷாப் என்றால் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் உள்ள ஐ5-12400 அல்லது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7600. இந்த ஆறு கோர் வரிசைதான் நான் அதிகம் பூட்டிய வரிசை. இதற்கு மேல் போகிறவர்களிடம் காரணம் கேட்பேன். பாதிப் பேருக்குக் காரணம் இருக்காது.

கேம் என்றால் காசு முதலில் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். 1080பி திரையில் அதிக ஃபிரேம் வேண்டும் என்பவருக்கு பிராசசர் முக்கியம். 4கே திரைக்குப் போகப் போக பாரம் கார்டின் மேல் விழும். கேமுக்கென்றே நல்ல பிராசசர் எடுக்கும் வசதி இருந்தால் ரைசன் 7 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி மாதிரி, கூடுதல் கேஷ் நினைவகம் வைத்தவை. 7800எக்ஸ்3டியில் அந்த எல்3 கேஷ் 96 எம்பி. கேமுக்குத் தேவையான தரவை ரேம் வரை போய் எடுத்துவர வேண்டிய தடவைகள் குறைவதுதான் அதன் சூட்சுமம். டேலிக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்குத் தனிக் கணக்கு. இப்போதைய கேமராக்கள் பல 4:2:2 10-பிட் ஹெச்இவிசி வடிவத்தில் பதிவு செய்கின்றன. 12ஆம் தலைமுறை (12400இல் முதல் இரண்டு எண்) முதலான இன்டெல் பிராசசர்களின் உள் கிராஃபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி அதை வழுக்கிக்கொண்டு ஓட்டும். என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த 50 வரிசையில்தான் இந்த வசதி வந்தது. ஆகவே பழைய என்விடியா கார்டு வைத்திருக்கும் எடிட்டர், உள் கிராஃபிக்ஸ் இல்லாத இன்டெல் மாடலை மலிவு என்று எடுத்தால், டைம்லைன் திக்கித் திணறும்போது வருத்தப்படுவார்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். என் அத்தை பையன் ஐ5-12400எஃப் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "ஆயிரத்துச் சொச்சம் கம்மிணா, அதான் எடுத்தேன்" என்றான். பூட்டினோம், ஃபேன் சுற்றியது, டிஸ்ப்ளே வரவில்லை. வராது. எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு வாங்க அவனிடம் பணம் இல்லை. அடுத்த மாதச் சம்பளம் வரை அந்தக் கம்ப்யூட்டர் என் அறையில் தூங்கியது.

இன்டெலில் கே என்றால் ஓவர்கிளாக், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, செய்யலாம். கேஎஃப் என்றால் ஓவர்கிளாக் உண்டு, கிராஃபிக்ஸ் இல்லை. ஏஎம்டியில் கதை வேறு. ரைசன் 5000 வரிசையில் 5600, 5700எக்ஸ் போன்றவற்றில் எஃப் எழுத்து இல்லாவிட்டாலும் கிராஃபிக்ஸ் கிடையாது. 5600ஜி மாதிரி ஜி இருந்தால்தான் உண்டு. 7000, 9000 வரிசைகளில் எஃப் இல்லாத டெஸ்க்டாப் மாடல்களில் டிஸ்ப்ளே வருகிற அளவுக்குச் சின்ன கிராஃபிக்ஸ் இருக்கிறது. கேமுக்கு அல்ல, கார்டு பழுதானாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கு. அந்த நிம்மதிக்காகவே நான் 7500எஃபை விட 7600ஐத்தான் சொல்வேன்.

இன்னொன்று: ரைசன் 5 5500, 5600 இரண்டும் ஒரே குடும்பம் மாதிரி தோன்றும். 5500இல் எல்3 கேஷ் 16 எம்பி, 5600இல் 32. கார்டோடு பேசும் பாதை (பிசிஐஇ) ஒன்றில் 3.0, மற்றதில் வேகமான 4.0. நூறு எண் வித்தியாசம் என்று பேசுவது தப்பு.

சாக்கெட் என்றால் என்ன? ஏன் எல்லாரும் அதையே சொல்கிறார்கள்?

மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம். பிராசசர் என்று தனியாக ஒன்றை வாங்க முடியாது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது. சாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தால் போர்டும் ரேமும் பாதி தீர்மானமாகிவிடும். சில சமயம் நான்கு வருடம் கழித்து நீங்கள் வாங்கப் போவதும் இன்றே தீர்மானமாகிவிடும்.

கடைகளில் இன்று பார்க்கக்கூடியவை நான்கு. ஏஎம்டியின் ஏஎம்4: ரைசன் 1000 முதல் 5000 வரை, டிடிஆர்4 ரேம். ஏஎம்டியின் ஏஎம்5: 2022இல் வந்தது, ரைசன் 7000, 8000, 9000, டிடிஆர்5 மட்டும். இன்டெலின் எல்ஜிஏ 1700: 12, 13, 14ஆம் தலைமுறைகள், ரேம் டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்பது போர்டைப் பொறுத்தது. இன்டெலின் எல்ஜிஏ 1851: 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை, டிடிஆர்5 மட்டும்.

ஏஎம்4இல் 2017இல் போர்டு வாங்கியவர்கள் சிலர் பயாஸை (போர்டை எழுப்பும் உள் மென்பொருள்) மட்டும் புதுப்பித்து 2022இல் 5800எக்ஸ்3டி போட்டு ஓட்டினார்கள். இன்டெலில் வழக்கமாக இரண்டு தலைமுறைக்கு ஒரு சாக்கெட். எல்ஜிஏ 1700 மூன்று வரை தாங்கியது. ஏஎம்5ஐ 2027 வரையிலாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. வருடக்கணக்கில் ஒரே போர்டை வைத்து பிராசசரை மட்டும் மாற்றும் உத்தேசம் இருந்தால் ஏஎம்5. வாங்கினால் ஏழு வருடம் தொடமாட்டேன் என்பவருக்கு இந்த வாதமே தேவையில்லை.

சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலே பொருந்திவிடும் என்றும் நம்ப வேண்டாம். 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் இன்டெல் ஒரே எல்ஜிஏ 1151ஐத்தான் கொடுத்தது. பிராசசர் அழகாக உட்காரும், ஓடாது. பழைய பொருள் விற்பவர்களிடம் வாங்குகிறவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

என்னிடம் பழைய ரேம் இருக்கிறது. போடலாமா?

டிடிஆர்4 என்றால் ஏஎம்4இலும், டிடிஆர்4 எடுக்கும் எல்ஜிஏ 1700 போர்டுகளிலும் போடலாம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் போகாது. அழுத்தாதீர்கள்.

2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கான தேவையால் ரேம் விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து இந்தக் கேள்விக்கு மதிப்பு கூடிவிட்டது. கையில் நல்ல 16 ஜிபி டிடிஆர்4 இருந்தால், ஐ5-12400ஐயும் டிடிஆர்4 போர்டையும் வாங்கிக்கொண்டு ரேம் காசை அப்படியே மிச்சம் பிடிக்கலாம். "பழைய சாக்கெட்டாச்சே" என்று யாராவது சொன்னால் ரேம் விலையைக் காட்டுங்கள்.

புதிதாக வாங்கினால் 16 ஜிபி ஒற்றைக் குச்சியை விட 8 ஜிபி இரண்டு மேல். ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள இரண்டு பாதைகளும் (சேனல்) வேலை செய்யும். உள் கிராஃபிக்ஸை நம்பியிருப்பவருக்கு இது கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அது ரேமைத்தான் கடன் வாங்குகிறது. நான்கு இடம் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகவும். அப்புறம் பயாஸில் போய் ரேமை அதன் முழு வேகத்துக்குக் கொண்டுபோகும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 6000 வேக ரேம் 4800இலோ 5200இலோ அசமந்தமாக ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். பின்னால் இன்னும் இரண்டு குச்சி சேர்க்கலாம் என்ற திட்டம் ஏஎம்5இல் சரிப்படாது. நான்கு குச்சி போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600க்கு இறங்குகிறது. வேண்டிய அளவை முதலிலேயே இரண்டு குச்சியாக எடுத்துவிடுங்கள்.

மலிவான போர்டில் பெரிய பிராசசர் போட்டால் என்ன?

குருவி தலையில் பனங்காய். எச்610 என்ற இன்டெல் மலிவு வகைப் போர்டில் ஐ7 ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதி அந்தப் போர்டுகளில் ஒல்லியாக இருக்கும், அதன் மேல் வெப்பத்தை இழுக்கும் உலோகத் தகடுகூடப் பலவற்றில் இருக்காது. நீண்ட நேர வேலையில் அது சூடாகும், பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐ7க்குக் காசு கொடுத்து ஐ5 வேகம் வாங்கியதாகிவிடும்.

ஐ3, ஐ5-12400 வரை எச்610 பரவாயில்லை. ரேமுக்கு இரண்டே இடம், அதை ஏற்றுக்கொண்டால் சரி. அதற்கு மேல் பி760. இசட் வரிசை, கே மாடல் வாங்கி ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு மட்டும். பி760இல் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. ஏஎம்டியில் பி650, பி850இலேயே செய்யலாம், ஏ620இல் முடியாது. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறையில் ஓவர்கிளாக் செய்ய நினைப்பவரிடம் நான் வாதாடுவதில்லை.

போர்டு சரி, சாக்கெட் சரி, ஆனாலும் டிஸ்ப்ளே வரவில்லையே?

பயாஸ் பழையதாக இருக்கலாம். 14ஆம் தலைமுறை வருவதற்கு முன் தயாரான பி660 போர்டுக்கு அந்தப் பிராசசரை அடையாளம் தெரியாது. பி450இல் ரைசன் 5000 போட்டாலும் இதே கதை. வாங்கும் முன் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில், உங்கள் மாடலுக்கான பிராசசர் பட்டியலில், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்று போட்டிருக்கும். பாருங்கள். பிராசசரே இல்லாமல் பென் டிரைவ் வழியாக பயாஸை ஏற்றும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு. இல்லாவிட்டால் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லலாம், ரிச்சி தெருவில் இது சாதாரண வேலை.

ஏஎம்5 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும். சில நிமிடம் கறுப்புத் திரைதான். பதறி ஸ்விட்சை அணைத்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தவர்கள் மூன்று பேர்.

இன்டெலா, ஏஎம்டியா?

ரஜினியா கமலா மாதிரி பேசுவதற்கு சுகமான விஷயம், வாங்குவதற்கு உதவாது. அந்த மாதம் உங்கள் வேலைக்கு எந்த பிராசசரும் போர்டும் ரேமும் சேர்த்து மலிவோ அது.

ஒரே ஒரு எச்சரிக்கை. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் மாடல்களில் பெரியவை பலவற்றில், தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போய் நாளடைவில் பிராசசரே பழுதாகும் பிரச்சினை 2024இல் வெளியே வந்தது. இன்டெல் அந்த ஆகஸ்டில் பயாஸ் வழியாக வரும் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (பிராசசரின் உள் கட்டளைகள்) திருத்தத்தை வெளியிட்டது, செப்டம்பரில் இன்னொன்று வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக்கியது. புதிதாக வாங்கி, விண்டோஸ் போடும் முன்பே பயாஸைப் புதுப்பித்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. செகண்ட் ஹேண்டில் 13900கே, 14900கே வந்தால் நான் தொடமாட்டேன். ஏற்கெனவே பட்ட அடி திருத்தத்தால் ஆறாது. 12ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

ஐ7 கம்ப்யூட்டர் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே?

தலைமுறையைக் கேளுங்கள். அனேகமாக 2012இல் வந்த 3ஆம் தலைமுறை ஐ7-3770ஆக இருக்கும். அதிலும் நான்கு கோர், எட்டு த்ரெட்தான். 2022இன் ஐ3-12100 அதைவிட வெகு வேகம், மின்சாரமும் குறைவு. இன்டெலில் 8ஆம் தலைமுறைக்கும் ஏஎம்டியில் ரைசன் 2000க்கும் முந்தைய பிராசசர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. லினக்ஸ் போடத் தெரிந்தவருக்கு அந்த ஐ7 நல்ல பேரம். தங்கை காலேஜுக்கு என்றால் வேண்டாம்.

சென்னை வெயிலுக்கு வாட்டர் கூலிங் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். அறை வெப்பம் 25இலிருந்து 36க்குப் போனால் பிராசசரின் வெப்பமும் ஏறத்தாழ அதே 11 டிகிரி ஏறும். எந்தக் கூலரும் அறைக்காற்றை விடக் குளிராக்க முடியாது. தண்ணீர் ஓடினாலும் கடைசியில் அதை ஆற்றுவது அதே அறைக்காற்றுதான். ஆகவே கத்திரி வெயிலுக்கு இடம் விட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

12400, 5600, 7600 ஆகியவற்றோடு பெட்டியில் வரும் கூலரே போதும். சத்தம் பிடிக்காவிட்டால் நான்கு குழாய் உள்ள டவர் கூலர் ஒன்று. 7800எக்ஸ்3டி, 9600எக்ஸ், கே மாடல்களோடு கூலர் வராது, பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 12400 65 வாட் என்பது அடிப்படை, உச்சத்தில் 117. ஏஎம்5இல் 65 என்றால் 88, 170 என்றால் 230.

பழைய கூலரைத் திரும்பப் போடுவதென்றால்: ஏஎம்4 கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5இல் பொருந்தும். எல்ஜிஏ 1200 கூலர் 1700இல் நேரடியாகப் பொருந்தாது, திருகுத் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆகிவிட்டது. 1700 கூலர் 1851இல் பொருந்தும்.

கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும். நம் ஊர்ப் புழுதிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதிவிட வேண்டியிருக்கும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளவும். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோரத்தில் ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள், உப்புக்காற்று திருகைக்கூடத் துருப்பிடிக்க வைக்கும்.

எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) எத்தனை வாட்?

பிராசசரின் உச்சம், கார்டின் உச்சம், மற்றதற்கு ஒரு 75 வாட். ரைசன் 7600க்கு 88, ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115; எல்லாம் சேர்த்து 300ஐத் தொடவில்லை. 550 வாட் தாராளம். எண்ணை விடத் தரம் முக்கியம். கேபினெட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" மேல் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி ஒரு முறை கார்டு போட்டேன். கேம் தொடங்கியதும் படாரென்று அணைந்தது. போர்டும் சேர்ந்து போகாதது என் அதிர்ஷ்டம். 80 பிளஸ் என்ற மின்சிக்கனச் சான்றும் ஐந்து வருட வாரண்டியும் உள்ளதை எடுங்கள்.

பிராசசருக்குப் போகும் 8-பின் கேபிளும் கார்டுக்குப் போகும் 8-பின்னும் வேறு. ஒரு பிராண்டின் கழற்றக்கூடிய கேபிளை இன்னொரு பிராண்டில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும், புகை வரும்.

யுபிஎஸ்ஸில் 600 விஏ என்றால் வழக்கமாக 360 வாட்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதில் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்க்கவும். சாதாரண மோடில் மின்சாரம் மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் அது கம்ப்யூட்டர் கோளாறில்லை, பெரும்பாலும் வீட்டு எர்த் கோளாறு.

ரிச்சி தெருவா, ஆன்லைனா?

இரண்டிலும் விலை பாருங்கள். ரிச்சி தெருவுக்கு மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம், வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். முதல் கடையிலேயே வாங்காமல், மாடல் எண்களை முழுதாக எழுதி எடுத்துக்கொண்டு மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். "ஐ5, பதினாறு ரேம், நல்ல போர்டு" என்று வாயால் சொன்னால் கடையில் தேங்கியிருப்பது உங்கள் தலையில் வரும்.

"பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம் சார்" என்பார்கள். 18 சதவீதம் பெரிய தொகைதான். ஆனால் மூன்று வருட வாரண்டிக்கு அந்தத் தாள்தான் சாட்சி. பில்லில் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பெட்டியில்லாமல் வரும் ட்ரே பிராசசருக்கு வாரண்டி விற்றவரோடு முடிந்துவிடும். கடையிலேயே பிராசசர் பெட்டியைத் திறந்து, போர்டு சாக்கெட்டின் பின்களை ஃபோன் டார்ச்சில் பார்த்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின் வளைந்திருந்தால் "நீங்கதான் வளைச்சீங்க" என்ற பேச்சு எழாது.

நானே பூட்டலாமா?

பூட்டலாம், ஒரு மத்தியானம் போதும். எல்ஜிஏ வகையில் பின்கள் போர்டில் இருக்கும். முக்கோணக் குறியைப் பார்த்து பிராசசரை மேலிருந்து கீழே வையுங்கள், தள்ளாதீர்கள். ஏஎம்4இல் பின்கள் பிராசசரில். பழைய கூலரைக் கழற்றும்போது நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கு வந்திருக்கிறது, நான்கு பின் வளைந்து, ஊசியால் நிமிர்த்த ஒரு இரவு போனது. கழற்றும் முன் பத்து நிமிடம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மெல்லத் திருகி எடுங்கள்.

கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும், போர்டில் அல்ல. சிரிக்காதீர்கள், எல்லாரும் ஒரு தடவை செய்ததுதான்.

புது மாடல் வரப்போகிறதாமே, காத்திருக்கலாமா?

எப்போதுமே ஏதோ ஒன்று வரப்போகிறது. வேலை இப்போது நிற்கிறதென்றால் இப்போது வாங்குங்கள்.

கம்ப்யூட்டரைத் தரையில் வைக்கலாமா?

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரம் மிதந்ததையும் பார்த்தவர்கள் கேட்கக்கூடாத கேள்வி. தரைத்தளமாக இருந்தால் மேஜை மேல். மாடியானாலும் தரைத் தூசியை எஸ்எம்பிஎஸ் ஃபேன் முதலில் உறிஞ்சும். வீடு துடைக்கும் தண்ணீரும் உண்டு. மயிலாப்பூர் சித்தப்பா வீட்டில் பழைய ஹார்மோனியப் பெட்டி மேல் வைத்திருக்கிறார்கள். உயரம் சரியாக இருக்கிறது.